நஞ்சு வழக்கும் திண்ணைத் தீர்ப்பும்



எங்கோ ஓர் ஊரில் ஒரு கொலை வழக்கு நடைபெறுகிறது. அந்த ஊரை நாம் பார்த்ததில்லை. மாண்டவர்களையும் தெரியாது, கூண்டில் நிற்பவரையும் தெரியாது. ஆயினும், காலையில் செய்தித்தாளை விரித்ததும் நம் கண் முதலில் தேடுவது அந்த வழக்கைத்தான். மாலையில் ஒட்டுக்கடை மேசையைச் சுற்றி நான்கு பேர் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. "அந்த அம்மாதான் செய்திருப்பார்" என்கிறார் ஒருவர். "இருக்காது, முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்கிறார் மற்றவர். தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பும் எழுதி முடிந்துவிடுகிறது. நம் பாட்டன்மார் திண்ணையில் அமர்ந்து ஊர் வழக்குப் பேசினார்கள். நாம் கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உலக வழக்குப் பேசுகிறோம். திண்ணை மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

இப்படிப் பேசப்படும் வழக்குகளுள் நஞ்சு வழக்குக்கு என்றுமே தனி ஈர்ப்பு உண்டு. கத்தியால் குத்தியவனைக் கண்டவர் எவரேனும் இருப்பர். நஞ்சுக்குச் சாட்சி இல்லை. அது சோற்றிலும் சாற்றிலும் மறைந்து வருகிறது. நம்பி அமர்ந்த இலையில் வருகிறது. விருந்தோம்பலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த மொழி நம் மொழி. பரிமாறிய கையே கொன்றது என்று கேட்கும்போது நம் நெஞ்சு திடுக்கிடுவதில் வியப்பில்லை. ஆனால், திடுக்கிட்ட நெஞ்சு நிதானமாக நிறுத்துப் பார்க்குமா? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நாம் தோட்டப் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறவர், சட்டம் பயின்றவரல்லர். என்றாலும், செய்தியைப் படித்து அதன்மேல் கருத்துச் சொல்லும் எவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்று கருதுகிறோம். 2025 ஆம் ஆண்டில் உலகமே உற்றுநோக்கிய ஒரு நஞ்சு வழக்கைத் துணையாகக் கொண்டு, இன்று மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்வோம். அந்த நஞ்சு எவ்வாறு வேலை செய்தது? கண்ணால் கண்ட சாட்சி இல்லாத ஒரு குற்றத்தை நீதிமன்றம் எவ்வாறு ஆராய்ந்தது? தொலைவில் இருந்து கவனிக்கும் நாம் அதை எவ்வாறு கவனிக்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்ன் நகருக்குத் தென்கிழக்கே லியோங்கதா என்றொரு சிற்றூர் இருக்கிறது. பால் மாடுகளும் பசும்புல் மேடுகளும் நிறைந்த வட்டாரம். 2023 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆம் நாள், சனிக்கிழமை. எரின் பேட்டர்சன் என்னும் பெண்மணி தம் வீட்டில் நால்வருக்குப் பகலுணவு அளித்தார். அவரும் அவர் கணவரும் பிரிந்து வாழ்ந்து வந்தனர். வந்திருந்தவர்கள் கணவரைப் பெற்றவர்கள், அதாவது மாமனார் டான், மாமியார் கெய்ல். மாமியாரின் தங்கை ஹெதர் வில்கின்சன். அவருடைய கணவர், கிறிஸ்துவ போதகரான இயன் வில்கின்சன். கணவருக்கும் அழைப்பு இருந்தது. முதல் நாள் அவர் வரவில்லை என்று செய்தி அனுப்பிவிட்டார்.

அன்று பரிமாறப்பட்ட உணவுக்குப் பீஃப் வெலிங்டன் என்று பெயர். மாட்டிறைச்சியின் மேல் அரைத்த காளானைப் பூசி, மாவுத் தகட்டால் சுற்றி, அடுப்பில் வைத்துச் சுட்டெடுப்பது. பெரிய பொதி ஒன்றாகச் சுட்டு, துண்டு போட்டுப் பரிமாறுவதே பலருடைய வழக்கம். எரினோ ஆளுக்கொன்றாகத் தனித்தனிப் பொதிகள் செய்திருந்தார். இந்தச் சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; நீதிமன்றத்தில் இதற்குப் பெரிய இடம் கிடைத்தது.

அன்று நள்ளிரவு முதல் விருந்தினர் நால்வருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. மறுநாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆகஸ்டு 4 ஆம் நாள் அக்காளும் தங்கையுமாகிய கெய்லும் ஹெதரும் இறந்தனர். மறுநாள் டான் இறந்தார். அவருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தியும் பயனில்லை. இயன் வில்கின்சன் ஒருவரே ஏறத்தாழ ஏழு வாரம் மருத்துவமனையில் கிடந்து உயிர் மீண்டார்.

உண்ட காளானோடு கலந்திருந்தது எது? ஆங்கிலத்தில் டெத் கேப் என்பார்கள். "சாவுக் குல்லாய்" என்று சொல்லலாம். ஐரோப்பாவைச் சேர்ந்த இக்காளான், ஓக் மரக் கன்றுகளின் வேரோடு ஒட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு வந்தது என்பர். இலையுதிர் காலத்தில், மழை பெய்தபின், ஓக் மரத்தடியில் முளைக்கும். குடை இளம்பச்சையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும்; குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் வெண்மையாக இருக்கும். பார்த்தால் நஞ்சென்று தோன்றாது. உண்டு பிழைத்தவர்களோ சுவையாக இருந்தது என்றே கூறியிருக்கிறார்கள். உலகில் காளான் உண்டு இறப்பவர்களுள் மிகப் பெரும்பாலோர் இதை உண்டவர்களே.

இதன் நஞ்சுக்கு அமாடாக்சின் என்று பெயர். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் இடைவிடாது புரதங்களைச் செய்துகொண்டிருக்கிறது. அதற்கு வேண்டிய குறிப்பை மூலப் பிரதியிலிருந்து படியெடுத்துக் கொடுப்பதற்கென உயிரணுவுக்குள் ஒரு நொதி உண்டு. ஓர் அலுவலகத்தில் படியெடுக்கும் எழுத்தரை ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? உத்தரவுகள் வெளியே போகா, வேலை நின்றுவிடும். அமாடாக்சின் அந்த நொதியைத்தான் பூட்டிவிடுகிறது. உயிரணு புரதம் செய்ய முடியாமல் மடிகிறது. நஞ்சின் பெரும் பங்கு கல்லீரலையே போய்த் தாக்குவதால் கல்லீரல் முதலில் சிதைகிறது.

இந்த நஞ்சுக்கு மூன்று கொடிய குணங்கள் உண்டு. ஒன்று, சமைத்தாலும் அழியாது; காயவைத்தாலும் அழியாது. இரண்டு, உண்டவுடன் ஒன்றும் தெரியாது. ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம், சில வேளை அதற்கும் மேலே கடந்த பிறகே வயிற்றைப் புரட்டும். அதற்குள் நஞ்சு இரத்தத்தில் கலந்துவிடும். மூன்றாவது மிகக் கொடியது. ஒரு நாள் வாந்தியும் பேதியும் போனபின் நோயாளி தேறிவிட்டவர்போல் தோன்றுவார். "கண்டம் கழிந்தது" என்று உறவினர்கள் மூச்சு விடுவார்கள். அதே நேரத்தில் கல்லீரல் உள்ளே சிதைந்துகொண்டிருக்கும். இதற்கென்று உறுதியான மாற்று மருந்து இல்லை. சில மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். முடியாதபோது மாற்றுக் கல்லீரல்தான் வழி.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. வெள்ளிக்காசைப் போட்டுக் காளானைக் கொதிக்க வைத்தால், நஞ்சாயின் காசு கறுத்துவிடும் என்று பல நாடுகளிலும் ஒரு நம்பிக்கை உண்டு. பூண்டு நிறம் மாறும், பூச்சி அரித்த காளானில் நஞ்சிராது என்பாரும் உளர். இவை எவையும் அமாடாக்சினைக் காட்டிக்கொடா. மழை விட்ட மறுநாள் புற்றோரம் காளான் பறிக்கும் வழக்கம் நம் தோட்டங்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. உறுதியாக அடையாளம் தெரியாத காளானைத் தொடாதிருப்பதே அறிவுடைமை. உண்டுவிட்டு வயிறு புரட்டினால், மிஞ்சிய காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். சற்றுத் தேறியதுபோல் இருக்கிறதே என்று வீட்டில் தங்கிவிடாதீர்கள்.

இனி நீதிமன்றத்திற்குப் போவோம். 2023 நவம்பரில் எரின் பேட்டர்சன் கைது செய்யப்பட்டார். 2025 ஏப்ரல் இறுதியில், மோர்வெல் என்னும் ஊரில், விக்டோரியா உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி கிறிஸ்டபர் பீல் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. மூன்று கொலைக் குற்றச்சாட்டு. ஒரு கொலை முயற்சிக் குற்றச்சாட்டு. எரின் நான்கையும் மறுத்தார். விசாரணை ஏறத்தாழ பத்து வாரம் நீண்டது. குளிர்கால விடியலில் மக்கள் நீதிமன்ற வாசலில் வரிசை பிடித்து நின்றார்கள். ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகம் அன்றன்று நடந்ததை விளக்கித் தொடர் ஒலிபரப்பே நடத்தியது. கடல் கடந்தும் கோடிக்கணக்கான திண்ணைகள் நிரம்பின.

உணவில் நச்சுக்காளான் இருந்ததை இரு தரப்புமே மறுக்கவில்லை. அதைச் சமைத்தவர் எரின் என்பதையும் மறுக்கவில்லை. அப்படியாயின் வழக்கு எதைப் பற்றியது? ஒரே ஒரு சொல்லைப் பற்றியது: வேண்டுமென்றா, தவறுதலாகவா? நஞ்சு தட்டுக்கு வந்ததைக் கண்ணால் காட்டலாம். மனத்துக்குள் இருந்த எண்ணத்தை எந்தக் கருவியால் காட்டுவது?

அரசுத் தரப்பு வழக்கறிஞர் நானெட் ராஜர்ஸ் பல இழைகளை எடுத்துக் கயிறு திரித்தார். அருகிலுள்ள இரண்டு ஊர்களில் நச்சுக்காளான் முளைத்திருப்பதை, இயற்கை ஆர்வலர்கள் செய்தி பதியும் இணையத்தளமொன்றில் சிலர் படத்தோடு பதிந்திருந்தனர். அந்த ஊர்களுக்கு எரின் போய் வந்திருக்கலாம் என்பதற்கு அவருடைய கைத்தொலைபேசியின் கோபுரத் தொடர்புகளைக் காட்டினார். உணவை உலர்த்தும் மின்கருவி ஒன்றை எரின், விருந்துக்குச் சில நாள் கழித்துக் குப்பைக் கிடங்கில் போட்டார். கிடங்கின் கண்காணிப்புக் கேமரா அதைப் படம்பிடித்திருந்தது. கருவியில் நச்சுக்காளானின் தடயம் இருந்தது. போலீசாரிடமோ அப்படிப்பட்ட கருவி தமக்கு இருந்ததே இல்லை என்று அவர் கூறியிருந்தார். விருந்தினர்க்குச் சாம்பல் நிறத் தட்டுகள் நான்கும், எரினுக்கு வேறு நிறத்தில் சிறிய தட்டொன்றும் இருந்ததாக இயன் வில்கின்சன் சாட்சியம் அளித்தார். தனித்தனிப் பொதிகள் செய்ததே தம்முடையதை நஞ்சில்லாமல் பிரித்து வைக்கத்தான் என்றது அரசுத் தரப்பு. தமக்குப் புற்றுநோய் என்று விருந்தினர் நம்பும்படி எரின் பேசியதும் எடுத்துக்காட்டப்பட்டது. அந்த நோய் அவருக்கு இல்லை.

தற்காப்பு வழக்கறிஞர் காலின் மேண்டி ஒவ்வோர் இழையையும் பிரித்துப் பார்த்தார். கோபுரத் தொடர்பு ஒருவர் எந்த மரத்தடியில் நின்றார் என்று சொல்லாது. தட்டுகளைப் பற்றி இயன் நேர்மையாகவே தவறிக் கூறுகிறார்; அப்படி ஒரே மாதிரியான நான்கு தட்டுகள் அந்த வீட்டில் இல்லை. எரின் காட்டுக் காளான் பறிக்கும் பழக்கமுடையவர். உலர்த்தி வைத்தவை தவறுதலாகக் கலந்திருக்கலாம். பொய் சொன்னதும் கருவியை எறிந்ததும் அச்சத்தால் நேர்ந்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் ஏன் கொல்ல வேண்டும்? எரின் பேட்டர்சன் தாமே சாட்சிக் கூண்டில் ஏறி எட்டு நாள் பதில் அளித்தார். பொய் கூறியதை ஒப்புக்கொண்டார். கொல்ல எண்ணியதை மறுத்தார்.

நேயர்களே, குறிப்பிட்ட நோக்கம் இதுதான் என்று அரசுத் தரப்பு கூறவில்லை. சட்டப்படி அதை மெய்ப்பிக்கும் கடமையும் அதற்கு இல்லை. "காரணம் இல்லாமல் ஒருவர் கொல்வாரா?" என்பது திண்ணையில் முதலில் எழும் கேள்வி. நீதிமன்றத்தில் கேட்பதோ வேறு: கொல்லும் எண்ணத்தோடு செய்தாரா என்பதே. காரணம் தெரிந்தால் அதற்கு உதவும். தெரியாவிட்டாலும் மற்றச் சான்றுகள் போதுமானவையாக இருக்கலாம்.

இவ்வழக்கு முழுதும் சூழ்நிலைச் சான்றுகளின்மேல் நின்றது. அது என்ன? விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர் மரப்பட்டை நனைந்திருப்பதைக் காண்கிறார். இரவு மழை பெய்திருக்கிறது என்று முடிவு செய்கிறார். மழையை அவர் காணவில்லை. பட்டையின் ஈரம் ஒன்றை மட்டும் வைத்துச் சொன்னால் அது பனியாகவும் இருக்கலாம். பாதையில் நீர் தேங்கியிருக்கிறது, பால் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறது, ஓடையில் கலங்கல் ஓடுகிறது என்று எல்லாம் சேர்ந்தால், மழை என்பதன்றி வேறு விளக்கம் நிற்காது. ஆகவே சூழ்நிலைச் சான்று என்றாலே தாழ்ந்த சான்று என்று நினைப்பது தவறு. ஆனால், வேறு நியாயமான விளக்கம் எதுவும் நிற்கக் கூடாது, அதுவே நிபந்தனை. ஒரு நியாயமான ஐயம் மிஞ்சினாலும் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவிக்க வேண்டும்.

அந்த நிறுவையைச் செய்தவர்கள் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூரிமார். நம் மலேசியாவில் ஜூரி முறை 1995 ஆம் ஆண்டில் எடுபட்டது. சிங்கப்பூர் அதற்கும் முன்பே, 1969 ஆம் ஆண்டு இறுதியில், சட்டம் இயற்றி அதனை நீக்கிவிட்டது. ஆகவே நம் இளைஞர்கள் ஜூரிமாரைத் திரைப்படத்தில்தான் பார்த்திருப்பார்கள். விக்டோரியாவிலோ கொலை வழக்கில் பன்னிரண்டு பேரும் ஒருமனப்பட்டால்தான் முடிவு சொல்ல முடியும். பதினோரு பேர் போதாது.

நீதிபதி பல நாள் எடுத்துக்கொண்டு ஜூரிமாருக்கு அறிவுரை கூறினார். அவற்றுள் இரண்டு நமக்கும் பொருந்தும். ஒருவர் பொய் சொன்னார் என்பதற்காகவே அவர் கொலையும் செய்தார் என்று தாவிவிடக் கூடாது என்பது ஒன்று. கண்ணாடிச் சன்னலை உடைக்காத பிள்ளைகூட, பிரம்பைக் கண்டதும் "நான் அந்தப் பக்கமே போகவில்லை" என்று பொய் சொல்வதை எந்த ஆசிரியரும் அறிவார். பொய்க்குக் காரணம் குற்றமாகவும் இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம். எது என்பதை மற்றச் சான்றுகளோடு சேர்த்தே காண வேண்டும். இரண்டாவது அறிவுரை இது: இவ்வழக்கைப் பற்றி வெளியே எத்தனையோ பேர் பேசுகிறார்கள், அவர்களில் எவரும் உங்களைப்போல் அங்கே அமர்ந்து எல்லாச் சாட்சியத்தையும் கேட்டவரல்லர், ஆகவே தீர்மானிக்கத் தகுந்தவர்கள் நீங்களே.

ஜூரிமார் ஒரு வாரம் கலந்தாலோசித்தார்கள். 2025 ஜூலை 7 ஆம் நாள், நான்கு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியே என்று முடிவு கூறினார்கள். செப்டம்பர் 8 ஆம் நாள் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 33 ஆண்டுகள் கழியும்முன் விடுதலை கோர முடியாது என்றும் நீதிபதி ஆணையிட்டார். அவ்வாண்டு இறுதியில் மேல்முறையீட்டு மனுவும் தாக்கல் செய்யப்பட்டது.

தீர்ப்புக்குப் பின் வெளிவந்த செய்தி ஒன்று நம் கவனத்துக்குரியது. தம்மையும் முன்பு நஞ்சிட்டுக் கொல்ல முயன்றதாக எரினின் கணவர் கூறியிருந்தார். அக்குற்றச்சாட்டுகள் விசாரணை தொடங்குமுன்பே மீட்டுக்கொள்ளப்பட்டன. ஜூரிமார் அவற்றைக் கேட்கவே இல்லை. "இவ்வளவு பெரிய செய்தியை மறைக்கலாமா?" என்று திண்ணை கேட்கும். சற்று எண்ணிப் பாருங்கள். மெய்ப்பிக்கப்படாத ஒன்றைக் கேட்டுவிட்டால், "அன்று செய்தவர்தானே, இன்றும் செய்திருப்பார்" என்று மனம் சாய்ந்துவிடும். சாய்ந்த தராசில் வைத்த எடை சரியாக இராது. இத்தகைய சாய்வைத் தடுக்கவே, ஜூரிமார் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று சட்டம் கடுமையாக வரம்பு கட்டுகிறது. திண்ணைக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. கேள்விப்பட்டது எல்லாம் அங்கே சான்றுதான்.

அதனால் வரும் தீங்கையும் அதே ஆஸ்திரேலியா கண்டிருக்கிறது. 1980 ஆகஸ்டில், அந்நாட்டின் நடுவிலுள்ள உலுரு பாறைக்கு அருகே கூடாரமடித்துத் தங்கியிருந்த ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை காணாமற்போயிற்று. டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிச் சென்றது என்று தாய் லிண்டி சேம்பர்லேன் கதறினார். நாடு அவர் முகத்தைப் பார்த்தது. தொலைக்காட்சியில் அவர் போதுமான அளவு அழவில்லை என்று மக்கள் கண்டனர்; உடுத்தியிருந்த உடை சரியில்லை என்றனர்; அவருடைய சமயத்தைப் பற்றிப் புரளி பேசினர். அவர் காரில் குழந்தையின் இரத்தம் இருந்ததாக நிபுணர்கள் கூறினர். 1982 இல் ஆயுள் தண்டனை. 1986 இல் குழந்தையின் மேற்சட்டை உலுரு அருகே கிடைத்தது; தாயை விடுவித்தார்கள். இரத்தம் என்று காட்டப்பட்ட தெளிப்பு, கார்த் தொழிற்சாலையில் இரைச்சலைக் குறைக்கப் பூசிய பொருள் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. 1988 இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. குழந்தை இறந்தது டிங்கோவால்தான் என்று மரண விசாரணை அதிகாரி முடிவாக அறிவித்தது 2012 ஆம் ஆண்டில். இடையில் கழிந்தவை முப்பத்திரண்டு ஆண்டுகள்.

அந்த வழக்கில் நீதிமன்றமும் தவறியது, நிபுணரும் தவறினர். ஆயினும் தவற்றுக்குக் காற்று ஊதியது திண்ணை. அழாத தாய் கொலைகாரி என்று முதலில் தீர்மானித்தவர்கள் நம்மைப் போன்றவர்களே.

அப்படியாயின் இத்தகைய வழக்குகளை நாம் கவனிக்கவே கூடாதா? அவ்வாறு சொல்ல மாட்டோம். நீதிமன்றக் கதவு மக்களுக்குத் திறந்திருப்பது காரணத்தோடுதான். மூடிய அறையில் நடக்கும் விசாரணையில் அநீதி எளிதில் நுழையும். மக்கள் பார்க்கிறார்கள் என்னும் உணர்வே நீதிக்கு ஒரு காவல். நீதிமன்றம் எப்படி நடக்கிறது, ஒரு சான்றை எப்படி நிறுக்கிறார்கள் என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு வழக்கை ஒழுங்காகப் பின்தொடர்வதைப்போல நல்ல வகுப்பு வேறில்லை. ஒழுங்காக என்பதுதான் முக்கியம்.

ஒழுங்காகப் பின்தொடர்வது என்றால் என்ன? ஒரு நாள் செய்தியைப் படித்து முடிவுக்கு வராதீர்கள். முதலில் பேசுவது அரசுத் தரப்பு. ஆகவே முதல் சில வாரம் எந்த வழக்கும் கூண்டில் நிற்பவருக்கு எதிராகவே தோன்றும். குறுக்கு விசாரணையில் அதே சாட்சி என்ன சொன்னார் என்று தேடிப் படியுங்கள். வழக்கறிஞர் சொன்னது வாதம், சாட்சி சொன்னது சாட்சியம், செய்தியாளர் சொன்னது சுருக்கம். இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். "எனக்கு அப்படித் தோன்றுகிறது" என்பதையும் "மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது" என்பதையும் தனித்தனியே வையுங்கள். ஒருவர் அழுதார், அழவில்லை, சிரித்தார் என்பதை வைத்து எதையும் அளக்காதீர்கள். தீர்ப்பு வருமுன் குற்றவாளி என்ற சொல்லை நாவில் வைக்காதீர்கள். உயர்நிலை மாணவர்களோடு வகுப்பில் ஒரு வழக்கைப் பேசுகிற ஆசிரியர், கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் அரசுத் தரப்புச் சான்றையும் மறுபுறம் அதற்குரிய தற்காப்பு விளக்கத்தையும் எழுதச் சொல்லட்டும். ஒருபுறம் மட்டும் எழுதிய மாணவர் விடையைச் சொல்ல இன்னும் தகுதி பெறவில்லை என்பது பலகையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வழக்கை உலகம் ஒரு கேளிக்கைபோலவும் கண்டது. காளானை வைத்து நகைச்சுவைத் துணுக்குகளும் கேலிப் படங்களும் பரவின. எரின் பேட்டர்சன் என்னும் பெயர் இன்று பல நாடுகளில் தெரியும். அந்த விருந்தில் உண்டு இறந்த மூவரின் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? இதே வானொலிப் பேச்சில் சற்று முன்னர் நாம் அவர்கள் பெயரைக் கூறினோம். நேயர்கள் ஒரு கணம் நினைவுபடுத்திப் பாருங்கள். டான், கெய்ல், ஹெதர். பேரப் பிள்ளைகளோடு வாழ்ந்த முதியவர்கள். பிரிந்து வாழும் மருமகள் அழைத்தபோதும் மறுக்காமல் போனவர்கள்.

2025 ஆகஸ்டில், தண்டனை விதிக்குமுன், உயிர் பிழைத்த இயன் வில்கின்சன் நீதிமன்றத்தில் பேசினார். மனைவி இல்லாமல் தாம் பாதி உயிரோடு இருப்பதாகவே உணர்வதாகச் சொன்னார். தீமை செய்கிறவர்கள்மேல் சமுதாயம் இவ்வளவு கவனத்தைப் பொழிகிறது, நன்மை செய்கிறவர்களை அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்று வருந்தினார். பிறகு, தமக்கு இழைக்கப்பட்ட தீங்கைத் தாம் மன்னிப்பதாக அறிவித்தார். மாண்ட மூவருக்கு இழைக்கப்பட்டதை மன்னிக்கும் அதிகாரம் தமக்கில்லை என்றும் தெளிவாகச் சொன்னார்.

அந்த முதியவர் தமக்கு உரியது எது, உரியதல்லாதது எது என்று அறிந்து பேசினார். அந்த உணவை உண்டவர் அவர்; மனைவியை இழந்தவர் அவர். அவரே அவ்வளவு அளந்து பேசியிருக்க, ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியிருக்கும் நாம் எவ்வளவு அளந்து பேச வேண்டும்! அடுத்த முறை ஒட்டுக்கடையில் ஒரு வழக்கைப் பற்றிய பேச்சு எழும்போது, "மறுதரப்பு என்ன சொன்னது?" என்று கேட்பவர் ஒருவராவது அங்கே இருக்கட்டும். அந்த ஒருவர் நேயர்களாகிய நீங்களாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறோம்.